டீசல் மோட்டார்ஹோமின் கூலன்ட்டுக்கு ஒரு சோதனைத் தாள்: ஃப்ளீட்கார்ட் ஸ்ட்ரிப், டிசிஏ4 சேர்மானம் – பயன்படுத்தியவரின் மதிப்புரை

பின்பக்கம் எஞ்சின் அமைந்த டீசல் மோட்டார்ஹோம் (வீட்டு வசதிகள் கொண்ட பயண வண்டி) ஒன்றை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஏழு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். கோடையில் கொலராடோ மலைகளுக்கும், குளிர்காலத்தில் அரிசோனாவின் பாலை நிலத்துக்கும் குடும்பத்தோடு அதில்தான் சென்று வருகிறோம். அதன் எஞ்சின் கம்மின்ஸ் நிறுவனத்தின் 8.9 லிட்டர் ஐஎஸ்எல். அந்த எஞ்சினுக்குள் ஓடும் கூலன்ட்டைக் கண்காணிக்க நான் பயன்படுத்திவரும் இரண்டு பொருள்களைப் பற்றியது இந்த மதிப்புரை. ஒன்று, ஃப்ளீட்கார்ட் பெயரில் விற்கப்படும் மூன்று கட்டச் சோதனைத் தாள். மற்றொன்று, கூலன்ட்டில் குறைந்துபோகும் பாதுகாப்பு வேதிப்பொருள்களை ஈடுசெய்ய ஊற்றும், அதே பெயரில் வரும் டிசிஏ4 என்ற திரவச் சேர்மானம். ஃப்ளீட்கார்ட் நெடுங்காலம் கம்மின்ஸின் வடிகட்டிப் பிரிவைச் சேர்ந்த பெயராக இருந்தது; அந்தப் பிரிவு 2023இல் அட்மஸ் என்ற பெயரில் பங்குச் சந்தைக்கு வந்து தனி நிறுவனமாகப் பிரிந்தாலும், பொருளின் பெயர் மாறவில்லை.

கூலன்ட் என்றதும் எஞ்சின் சூடாகாமல் இருப்பதும், குளிரில் உறையாமல் இருப்பதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த இரண்டு வேலைகளையும் தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் சேர்ந்து செய்துவிடுகின்றன. இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால் ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. ஐஎஸ்எல் போன்ற எஞ்சின்களில் மூன்றாவதாக ஒரு வேலையும் இருக்கிறது. என் கவலை முழுவதும் அதைப் பற்றியதுதான். இந்த எஞ்சினில் பிஸ்டன் ஓடும் உருளை, பிளாக்கோடு சேர்த்து வார்க்கப்பட்டதன்று. தனியாகச் செருகப்பட்ட லைனர். லாரிப் பட்டறைகளில் ஸ்லீவ் என்றும் சொல்வார்கள். அதன் வெளிச்சுவரைக் கூலன்ட் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. எரிபொருள் வெடிக்கும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் பக்கவாட்டில் மோதுவதால் லைனர் நுண்ணிய அளவில் அதிர்கிறது. சுவர் ஒரு கணம் திரவத்தை விட்டு விலகும்போது அங்கே ஆவிக் குமிழ்கள் தோன்றுகின்றன. சுவர் திரும்பி வரும்போது அவை உள்ளொடுங்கி வெடித்து இரும்பைக் கொத்துகின்றன. ஒரு குமிழால் ஒன்றும் ஆகாது. மணிக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இது நடந்தால் ஊசி குத்தியதுபோல் குழிகள் விழுந்து, கடைசியில் லைனரைத் துளைத்துக்கொண்டு கூலன்ட் எஞ்சினுக்குள் இறங்கி எண்ணெயோடு கலந்துவிடும். அதன் பிறகு எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதைத் தடுப்பது கூலன்ட்டில் கரைந்திருக்கும் நைட்ரைட். அது இரும்பின் மேல் மெல்லிய, கடினமான ஆக்சைடு படலம் ஒன்றை உண்டாக்குகிறது. குமிழ்கள் அந்தப் படலத்தைச் சிதைத்தால் உடனே புதிதாக அமைக்கிறது. அப்படி அமைக்க அமைக்க நைட்ரைட் செலவாகிக்கொண்டே போகும். ஆகவேதான் உறைநிலை சரியாக இருக்கிற, தெளிவாகவும் நல்ல நிறத்தோடும் இருக்கிற கூலன்ட்கூட லைனரைக் காக்கும் திறனை இழந்திருக்கக்கூடும். கண்ணால் பார்த்து இதைச் சொல்லவே முடியாது.

எல்லா டீசல் மோட்டார்ஹோம்களுக்கும் இந்தக் கவலை ஒரே அளவில் இல்லை. கம்மின்ஸின் 5.9 லிட்டர், 6.7 லிட்டர் ஐஎஸ்பி எஞ்சின்களிலும், கேட்டர்பில்லரின் 3126, சி7 எஞ்சின்களிலும் உருளைகள் பிளாக்கிலேயே குடையப்பட்டவை. தனி லைனர் இல்லை. அவற்றுக்கும் துருத் தடுப்பு தேவை என்றாலும், கம்மின்ஸ் 8.3, 8.9 போன்றவற்றை வைத்திருப்பவர்கள்தான் சேர்மான அளவில் மிகுந்த கவனம் செலுத்த வேண்டியவர்கள். தன் எஞ்சின் எந்த வகை என்று தெரியாமல் சேர்மானம் வாங்க வேண்டாம் என்பதே முதலில் சொல்ல வேண்டிய செய்தி.

இந்தச் சோதனைத் தாளை நான் முதன்முதலில் வாங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. வண்டி வாங்கிய மூன்றாம் ஆண்டில், கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையில் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஐசனோவர் சுரங்கப்பாதையைக் கடந்து இறங்கிய பிறகு, ஹீட்டருக்குப் போகும் குழாயின் கிளாம்ப் தளர்ந்து கூலன்ட் கசிந்தது. வழியில் இருந்த ஒரு சிறிய பணிமனையில் கிளாம்பை மாற்றி, குறைந்த அளவை நிரப்பிக் கொடுத்தார்கள். ரசீதைப் பார்த்தபோதுதான், கார்களுக்கான பச்சை நிறக் கூலன்ட்டையும் குழாய்த் தண்ணீரையும் சேர்த்து நான்கு கேலனுக்கு மேல் ஊற்றியிருப்பது தெரிந்தது. என் வண்டியின் மொத்தக் கொள்ளளவே 16 கேலன், அதாவது சுமார் 60 லிட்டர். எல்லாம் ஒன்றுதான், கவலை வேண்டாம் என்று சொன்னார்கள். அடுத்த ஊரில் கனரக வாகனப் பாகங்கள் விற்கும் கடையில் சோதனைத் தாள் வாங்கிப் பார்த்தேன். உறைநிலைக் கட்டம் குறை சொல்ல முடியாத நிறத்தைக் காட்டியது. நைட்ரைட் கட்டமோ வெளிறிப்போய் இருந்தது. பாதுகாப்பு எல்லைக்குக் கீழே போயிருந்ததை அந்தத் தாளைத் தவிர வேறு எதுவும் எனக்குச் சொல்லியிருக்காது.

தாளின் அமைப்பு எளிமையானது. ஒரு முனையில் மூன்று சிறு கட்டங்கள்: ஒன்று உறைநிலைக்கு, ஒன்று மாலிப்டேட்டுக்கு (நைட்ரைட்டோடு டிசிஏ4இல் இருக்கும் மற்றொரு பாதுகாப்பு உப்பு), ஒன்று நைட்ரைட்டுக்கு. கூலன்ட்டில் ஒரு நொடி நனைத்து, உதறிவிட்டு, 45 நொடிகள் கழித்து உறையோடு வரும் நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும்; 75 நொடிகளுக்குள் மூன்றையும் படித்து முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் நிறம் மாறிக்கொண்டே போவதால், பிந்திப் படித்த கணக்கு தவறாகிவிடும். மாலிப்டேட், நைட்ரைட் இரண்டின் நிறங்களும் அட்டையில் ஒரு கட்டத்தில் சந்திக்கும் இடத்தில், ஒரு கேலனுக்கு எத்தனை அலகு சேர்மானம் இருக்கிறது என்ற எண் இருக்கும். 1.2 முதல் 3 வரை இருந்தால் நல்ல நிலை. 1.2க்குக் கீழே என்றால் சேர்க்க வேண்டும். 3க்கு மேலே என்றால், அது குறையும்வரை எதையும் சேர்க்கக் கூடாது.

மாதிரி எடுக்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கைக்கு எட்டுகிறது என்பதற்காக நிரம்பி வழியும் உபரித் தொட்டியிலிருந்து எடுக்கக் கூடாது. அங்கே இருக்கும் திரவம் எஞ்சினுக்குள் சுற்றி வருவதோடு சரியாகக் கலந்திருக்காது. ரேடியேட்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து சிறிது எடுப்பதே முறை. நான் ஒரு நாள் ஓட்டத்துக்குப் பிறகு, இரவு ஆறவிட்டு, காலையில் எடுக்கிறேன். சூடாக இருக்கும்போது அழுத்த மூடியைத் திறப்பது உயிருக்கே ஆபத்து. 50 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிய பிறகே மூடியில் கை வைக்க வேண்டும்.

டிசிஏ4 திரவத்தைப் பொறுத்தவரை எனக்குப் பிடித்தது அதன் கணக்கு தெளிவாக இருப்பது. ஒரு பைன்ட் குப்பியில், அதாவது 473 மில்லி லிட்டரில், 5 அலகுகள் இருக்கின்றன. அன்று என் அளவீடு கேலனுக்கு ஏறத்தாழ 1 அலகு. அதை 2க்கு உயர்த்த 16 கேலனுக்கு 16 அலகுகள் தேவை; மூன்று குப்பிகள் ஊற்றினேன். ஊற்றியவுடன் சோதிப்பதில் பயனில்லை; பின்பக்க எஞ்சினிலிருந்து முன்பக்க டாஷ்போர்டு ஹீட்டர் வரை வண்டியின் முழு நீளத்துக்கும் குழாய்கள் ஓடுவதால், ஹீட்டரைத் திறந்துவைத்துக் கணிசமான தூரம் ஓட்டினால்தான் எல்லாம் கலக்கும். சுமார் 400 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மீண்டும் சோதித்தபோது 2க்கு அருகே காட்டியது. இருந்தாலும், கார் கூலன்ட் கலந்த அந்தத் திரவத்தை வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அது வீடு வந்து சேரும்வரைக்கான ஏற்பாடு மட்டுமே. வீட்டுக்கு வந்ததும் முழுவதும் வடித்து, காய்ச்சி வடித்த நீரால் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, கனரக எஞ்சின்களுக்கான ஏஎஸ்டிஎம் டி6210 தரத்துக்கும் கம்மின்ஸின் 14603 தரத்துக்கும் உட்பட்ட கூலன்ட்டை நிரப்பினேன். கார்களுக்கான கூலன்ட் குடுவையில் பெரும்பாலும் டி3306 என்ற தரமே அச்சிடப்பட்டிருக்கும். வாங்கும்போது நிறத்தைப் பார்க்காமல் இந்த எண்ணைப் பாருங்கள். நிறம் என்பது தயாரிப்பாளர் கலக்கும் சாயம் மட்டுமே.

சேர்மானத்தை அளவுக்கு மீறி ஊற்றுவதும் கெடுதல்தான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கரைந்திருக்கக்கூடிய அளவைத் தாண்டும்போது அது கூழாகவோ பொடியாகவோ படிந்து, ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைப்பதோடு, வாட்டர் பம்பின் சீலையும் தேய்த்துக் கசியவிடும். ஒவ்வொரு ஆண்டும் ஒரு குப்பி ஊற்றிவிடுங்கள் என்று சிலர் சொல்லும் அறிவுரையை நான் ஏற்கவில்லை. அளக்காமல் ஊற்றும் மருந்து மருந்தாகாது. கூலன்ட் வடிகட்டி உள்ள எஞ்சின்களில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது: சில வடிகட்டிகளுக்குள்ளேயே கரையும் சேர்மானம் வைக்கப்பட்டிருக்கும், சேர்மானமே இல்லாத வெறும் வடிகட்டிகளும் உண்டு. எதை மாட்டுகிறோம் என்று தெரியாமல் மாட்டி, மேலே திரவத்தையும் ஊற்றினால் கணக்கு கைமீறிப் போகும். நான் வெறும் வடிகட்டியை மாட்டி, அளவைத் திரவத்தால் மட்டும் சரிசெய்கிறேன்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். கம்மின்ஸ் ஏற்கும் எல்லை, கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து பத்து லட்சத்தில் 170 பங்கு, குளோரைடு 40, சல்பேட் 100. மேற்கு அமெரிக்காவின் பல முகாம்களில் வரும் கடினநீர் இந்த எல்லைக்குள் இருக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே முன்கலவை செய்யப்பட்ட கூலன்ட் ஒரு கேலனும், காய்ச்சி வடித்த நீர் ஒரு கேலனும் வண்டியின் அடித்தட்டில் எப்போதும் இருக்கின்றன. இவை இருந்திருந்தால் அந்தப் பணிமனையில் ஊற்றியதில் பாதியையாவது தவிர்த்திருப்பேன்.

இந்தத் தாளுக்கு எல்லைகள் உண்டு. எந்த நிறமாற்றத் தாளையும்போல இதையும் பகல் வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். மஞ்சள் விளக்கின் கீழ் நிறங்களைப் பிரித்தறிவது கடினம். உறைநிலைக் கட்டம் தோராயமானது. துல்லியம் வேண்டுவோர், ஒளிவிலகலைக் கொண்டு உறைநிலையைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. காய்ச்சி வடித்த நீரில் சுழியம் பார்த்துவிட்டு இரண்டு துளி கூலன்ட் விட்டால் போதும். எத்திலீன், புரோப்பிலீன் கிளைக்கால் இரண்டுக்கும் தனித்தனி அளவுகோல் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. தாள்களுக்குக் காலாவதித் தேதி உண்டு. ஈரக்காற்று பட்டால் கட்டங்கள் பழுப்பேறிப் பயனற்றுப் போகும். கோடை வெயிலில் நிற்கும் வண்டியின் அடித்தட்டில் வைக்காமல், வீட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் முக்கியமான எல்லை வேறு. இன்று விற்கும் பல நீண்ட ஆயுள் கூலன்ட்களில் நைட்ரைட்டே கிடையாது. லைனரைக் காக்கும் வேலையைக் கரிம அமிலங்கள் செய்கின்றன. அத்தகைய கூலன்ட்டில் இந்தத் தாளை நனைத்தால் நைட்ரைட் இல்லை என்றே காட்டும். அதைப் பார்த்து அஞ்சி டிசிஏ4 ஊற்றினால், நன்றாக இருந்த கூலன்ட்டை நாமே கெடுத்தவர்களாவோம். அவற்றுக்கென்று தனிச் சோதனைத் தாள்கள் இருக்கின்றன. பழைய வண்டியை வாங்கியவர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு எழுத்துச் சான்று இல்லையென்றால், ஊகிக்காமல் ஒருமுறை ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவதே நலம். மோட்டார்ஹோமில் ஆக்வா-ஹாட் போன்ற வெந்நீர்ச் சூடேற்றி இருந்தால், அதன் கொதிகலனுக்குள் இருப்பது தனியான புரோப்பிலீன் கிளைக்கால் கலவை; எஞ்சின் கூலன்ட்டையோ டிசிஏ4ஐயோ அதில் ஊற்றவே கூடாது.

லாரி ஓட்டுநர் ஓர் ஆண்டில் ஓடும் தொலைவை நம்மில் பலர் பத்து ஆண்டுகளிலும் ஓடமாட்டோம். ஆகவே குடுவையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் மைல் கணக்கு நமக்குப் பொருந்தாது. அதற்கு அருகே சிறிய எழுத்தில் இருக்கும் ஆண்டுக் கணக்கே பொருந்தும். வசந்தத்தில் வண்டியை எடுக்கும் முன் ஒருமுறை, குளிர்காலப் பயணத்துக்கு முன் ஒருமுறை என ஆண்டுக்கு இரண்டு தாள்கள் எனக்குப் போதுமானவையாக இருக்கின்றன. ஒவ்வொரு அளவீட்டையும் தேதியோடும் ஓடோமீட்டர் எண்ணோடும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, ரேடியேட்டர் மூடியருகே "கனரகக் கூலன்ட் மட்டும்" என்று ஆங்கிலத்தில் ஒரு ஒட்டுச்சீட்டும் ஒட்டியிருக்கிறேன்.

வடிக்கும் கூலன்ட்டை மூடியுள்ள கலனில் பிடித்து, கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுத்துவிடுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது. தரையில் தேங்கிய சிறிது திரவத்தை நக்கினாலும் நாயும் பூனையும் இறந்துவிடக்கூடும். எங்கள் வண்டியில் நாயும் பயணம் செய்வதால் இதை எழுதாமல் விட முடியவில்லை.

நைட்ரைட் உள்ள கூலன்ட்டும் தனி லைனர் உள்ள எஞ்சினும் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தாளை முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். டிசிஏ4ஐத் தாள் கேட்டால் மட்டும் வாங்குங்கள். அந்த மலைப் பயணத்துக்குப் பின் என் வண்டிக்கு இருமுறை மட்டுமே அது தேவைப்பட்டது, இரண்டு முறையும் இரண்டு குப்பிகளுக்கு மேல் போகவில்லை. கடந்த மாதம் எடுத்த அளவீடு, கேலனுக்கு 2 அலகு.