கெடிலம் பாலத்தில் உதறிய சான்ட்ரோவும் செம்மண்டலத்துப் பட்டறையும்

என்னுடையது 2006 சான்ட்ரோ ஜிங். அப்பா வாங்கியது. மாதம் ஒருமுறை அவரைப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதும் இதில்தான். ஆறு மாதமாகக் கடலூர் கெடிலம் பாலம் ஏறும்போதெல்லாம் இன்ஜின் விட்டுவிட்டு ஓடி, மிஸ்ஸிங் அடித்து உதறும். சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் நடுங்கும். லிட்டருக்கு 14 கொடுத்த வண்டி 10-க்கு இறங்கிவிட்டது. முதலில் காட்டிய இடத்தில், டாங்கில் ஊற்றும் கிளீனரை இரண்டு தடவை விற்றார்கள். அப்புறம் பெட்ரோல் பம்பையே மாற்றச் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

செம்மண்டலத்தில் இருக்கும் இந்தச் சின்னப் பட்டறையைச் சொன்னது எங்கள் பள்ளி கணக்கு டீச்சர். பெயர்ப்பலகைகூட இல்லை.

“பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டரைக் கிளீன் பண்ணிடலாமா பாய்?” என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன்.

“முதல்ல கரண்டைப் பார்ப்போம் டீச்சர். பொறி சரியா விழலேன்னா பெட்ரோல் எவ்வளவு நல்லாத் தெளிச்சும் பிரயோஜனமில்ல.”

பொழுது சாயும்வரை இருக்கச் சொன்னார். இருட்டியதும் வாசலிலேயே இன்ஜினை ஓடவிட்டு, துணி தேய்ப்பவர்கள் வைத்திருக்கும் தண்ணீர் பாட்டிலால் ஸ்பார்க் பிளக் வயர்கள்மேல் லேசாக அடித்தார். மூன்றாவது வயரிலிருந்து நீலப் பொறி ஒன்று பக்கத்து இரும்புக்குச் சட் சட்டென்று தாவியது. தாவும்போதெல்லாம் இன்ஜின் குலுங்கியது. சிலிண்டருக்குப் போக வேண்டிய கரண்ட் வழியிலேயே ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. கண்ணால் பார்த்த பிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

நான்கு வயரும் நான்கு பிளக்கும் புதிது. கடையிலிருந்து வந்த பிளக்கை அப்படியே மாட்டாமல், கேஜ் வைத்து இடைவெளி பார்த்துத்தான் போட்டார். எங்கள் வீடு தேவனாம்பட்டினம், உப்புக்காற்று. எர்த் வயரின் முனை பச்சை பூத்துக் கிடந்தது. அதையும் சுரண்டி இறுக்கினார். இதிலேயே உதறல் முக்கால்வாசி போய்விட்டது.

மறுநாள்தான் இன்ஜெக்டர். நான்கையும் கழற்றி, கண்ணாடிக் குழாய்கள் வைத்த மெஷினில் மாட்டிக் காட்டினார். மூன்று பனிபோலத் தெளித்தன. ஒன்று மட்டும் மூடாத குழாய்போலச் சொட்டியது. ஒலி அதிர்வால் அழுக்கெடுக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் இரண்டு சுற்று ஊறி வந்த பிறகு நான்கு குழாயிலும் அளவு ஒரே கோட்டில் நின்றது. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது என்று ஓ-ரிங்குகளையும் ஒரு ஹோஸையும் மாற்றினார். இன்ஜினுக்குக் காற்று போகும் திராட்டில் பாடியில் அப்பியிருந்த கரியைத் துடைத்தது கணக்கில் சேரவில்லை.

மொத்தம் 4,350 ரூபாய். கழற்றிய பழைய சாமான் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். போன வாரம் புதுச்சேரி போய்வந்ததில் லிட்டருக்கு 13.5 கிடைத்தது. பாலத்தில் மூன்றாம் கியரிலேயே ஏறுகிறது.

குறை என்றால், ஒரு நாள் என்று சொல்லி இரண்டு நாள் ஆக்கினார். பில் துண்டுச்சீட்டில்தான். உட்கார ஒரு ஸ்டூல்தான் இருக்கிறது. வயதானவர்களை அழைத்துப்போக வேண்டாம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மூன்று மணிக்கு மேல்தான் திறப்பார்.