காட்பாடி பேக்கரியின் 'பிரெஞ்சு பிரெட்': வாங்கலாமா?

காட்பாடி ரயில் நிலையப் பக்கம் ஒரு பேக்கரியில் நீளமான ரொட்டிக்கு 'பிரெஞ்சு பிரெட்' என்று லேபிள் ஒட்டி விற்கிறார்கள். 250 கிராம், 80 ரூபாய். ருசி மோசமில்லை. ஆனால் நீளத்தைத் தவிர பிரெஞ்சு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.

பிராங்க் இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது 'பிரெஞ்சு'. அதே பெயர்தான் அரபு, பாரசீகம் வழியே வந்து நம்மூரில் 'பறங்கி' ஆனது; போர்ச்சுகீசியர் முதல் ஆங்கிலேயர் வரை எல்லாரையும் அப்படித்தான் அழைத்தார்கள். பேக்கரி போர்டிலும் அந்தத் தாராளம் தொடர்கிறது. பிரான்சில் அது நடக்காது. 1993 அரசாணைப்படி 'பிரெஞ்சு மரபு ரொட்டி' என்று விற்க வேண்டுமானால் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவுதான். சோயா மாவு, மால்ட் போன்றவை துளி அளவு சேர்க்கலாம். ரசாயனம் கூடாது, எந்தக் கட்டத்திலும் உறைய வைக்கவும் கூடாது.

இங்கே லேபிளில் மைதாவோடு சர்க்கரை, பால் பவுடர், வனஸ்பதி, 282 எல்லாம் இருக்கின்றன. 282 என்பது பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் கால்சியம் புரோபியோனேட். சர்க்கரையும் பாலும் இருந்தால் மேல்தோல் சீக்கிரம் சிவந்துவிடும், அடுப்புச் சூட்டைக் குறைத்தே ஆக வேண்டும். மொறுமொறுப்பு அங்கேயே போய்விடுகிறது. சூடு ஆறுமுன் பிளாஸ்டிக் கவரில் போடுவதால் மிச்சமும் நமுத்துப்போகிறது. மேலே போட்ட கீறல்கள் வாய் பிளக்காமல் தட்டையாகப் படிந்திருக்கின்றன. மாவு அளவுக்கு மீறிப் பொங்கியதன் அடையாளம் அது.

வேலூர் வெயிலில் இதைத் தடுக்க ஐஸ் தண்ணீர்தான் வழி. 500 கிராம் மைதாவுக்கு 325 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 2 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் போதும். பிசைந்து முடித்ததும் மாவின் சூடு 25 டிகிரியைத் தாண்டக் கூடாது. அடுப்பு 240 டிகிரி, முதல் 10 நிமிடம் நீராவியோடு, மொத்தம் 25 நிமிடம். கம்பித் தட்டில் நன்றாக ஆறவிட்டு, காகிதக் கவரில் கொடுக்க வேண்டும்.

வாங்கிவிட்டவர்கள் கவரை எடுத்துவிட்டு, மேலே தண்ணீர் தெளித்து 200 டிகிரியில் 7 நிமிடம் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் கெட்டியாகிவிடும். துண்டுகளாக நறுக்கி ஃப்ரீசரில் வைக்கலாம். பூண்டு ரொட்டிக்கு இது தாராளமாகப் போதும். ஆட்டுக்கால் பாயாவுக்கு மட்டும் வேண்டாம், இனிப்பு நாக்கில் தட்டும்.