வீட்டுக்கே வரும் பிரஷர் மிஷின்: மக்களைத் தேடி மருத்துவம்

ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோயை வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரையும் தரும் தமிழக அரசின் திட்டம்தான் மக்களைத் தேடி மருத்துவம். எங்கள் தெருவுக்கு இந்தத் திட்டத்தில் வரும் அக்கா பக்கத்துத் தெருக்காரர், மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர். திட்டத்தின் பெரிய பலமே அதுதான் என்பேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வந்து கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிடும் பெரியம்மா, இந்த அக்காவிடம் மட்டும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

வேலையும் நேர்த்தி. குழாயடியில் இருந்து குடத்தோடு வந்த பெரியம்மாவை முதலில் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார வைத்தார், ஐந்து நிமிஷம் பேசவே விடவில்லை, கையை மேசைமேல் நீட்டச் சொல்லி அப்புறம்தான் பட்டையைச் சுற்றினார். பேசிக்கொண்டே பார்த்தால் அளவு ஏற்றிக் காட்டும். அவசரமாகப் பார்த்து அனுப்பும் இடங்கள் எத்தனையோ இருக்க, திண்ணையில் இவ்வளவு பொறுமை கிடைக்கிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம், 2024-ல் ஐ.நா. விருதும் வாங்கியது. விருதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 2020-ல் தமிழகத்தில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை போன்ற தொற்றாத நோய்கள் பற்றி நடந்த ஸ்டெப்ஸ் (STEPS) ஆய்வில், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம், சர்க்கரையில் 10.8 சதவீதம். இலவச மாத்திரை அப்போதும் அரசு ஆஸ்பத்திரியில் இருந்தது. மாதாமாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாமல்தான் பலர் நிறுத்தினார்கள், வலி இல்லாத நோய்க்கு யார் அலைவார்கள்? இப்போது மாத்திரை வீட்டுக்கே வருகிறது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் சேர்த்து.

குறை என்றால், பகலில் வந்தால் வேலைக்குப் போன ஆண்கள் சிக்குவதில்லை. இதற்காகவே 2024-ல், வேலை பார்க்கும் இடத்துக்கே போய்ப் பரிசோதிக்கும் தொழிலாளரைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தது, நல்ல விஷயம், ஆனால் தினம் ஒரு இடத்தில் வேலை பார்க்கும் கொத்தனாரையும் ஆட்டோ ஓட்டுபவரையும் எந்தப் பணியிடத்தில் போய்ப் பிடிப்பது? ஞாயிற்றுக்கிழமை காலையில் டீக்கடைப் பக்கம் ஒரு மேசை போட்டாலே பாதிப் பேர் கை நீட்டுவார்கள் என்று நினைக்கிறேன். வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் அதுதான் சரியான இடம், புகையிலை போடுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. அளவை ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள், 140/90-ஐத் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரைப் பாருங்கள். உங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லையா, துணை சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். கேட்டு வாங்க வேண்டிய சேவைதான் இது.