ஒரு பிள்ளையா, ஊர் முழுவதுமா?

கொரியப் போரில் அநாதையான பிள்ளைகளுக்காக அமெரிக்கப் போதகர் எவரெட் ஸ்வான்சன் 1952-இல் தொடங்கிய கிறிஸ்தவ உதவி அமைப்பு கம்பேஷன். பாப் பியர்ஸ் தொடங்கிய வேர்ல்ட் விஷனும் அப்படியோர் அமைப்பு; அதற்கு இரண்டாண்டு மூத்தது. இரண்டிலும் மாதாமாதம் பணம் கட்டி ஒரு பிள்ளையைத் தாங்கலாம். பணம் போகும் வழிதான் வேறு.

கம்பேஷனில் உள்ளூர்த் திருச்சபையே எல்லாம்: படிப்புக்கு உதவி, உணவு, மருத்துவம், கூடவே வேதபாடம். பிள்ளையின் பெயரைத் தெரிந்த ஒருவர் அருகிலேயே இருக்கிறார். அது பெரிய பலம். ஆனால் பட்டியலில் இடம்பெறாத பக்கத்து வீட்டுப் பிள்ளையை நினைத்தால் மனம் உறுத்துகிறது.

வேர்ல்ட் விஷன் பணத்தை ஒன்றாகச் சேர்த்து, குடிநீர், பள்ளி, சுகாதாரம் என ஊருக்கே செலவிடுகிறது. பிள்ளையோடு கடிதப் போக்குவரத்து கம்பேஷனைப் போல இங்கும் உண்டு. கிணற்றுத் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் போகிறது என்பதால் என் பணம் இதற்கே.