பி.எஃப். தாமத அபராதம்: எந்தக் கதவைத் தட்டுவது?

கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு யூனிட்டுக்குச் சில வருடங்கள் சம்பளக் கணக்கு பார்த்தேன். ஒரு நாள் காலையில் முதலாளி போன் செய்தார். "அண்ணே, பி.எஃப்.ல இருந்து சம்மன் வந்திருக்கு. நாலரை லட்சம் கிட்ட கேட்டிருக்காங்க. நாமதான் பணத்தை முழுசா கட்டிட்டோமே, அப்புறம் எதுக்கு இது?"

கட்டியது உண்மைதான். ஆனால் அந்த வருடம் ஒவ்வொரு மாதத்துப் பணத்தையும் ஏறக்குறைய எட்டு மாதம் கழித்துத்தான் கட்டியிருந்தோம். சரக்கு வாங்கிய பெரிய கம்பெனி பில்லை இழுத்தடித்தது. கையில் இருந்த காசு கரண்ட் பில்லுக்கும் சம்பளத்துக்கும் போனது. பி.எஃப். கடைசி வரிசைக்குப் போய்விட்டது. மதுரையைச் சுற்றி எத்தனையோ சிறு தொழில்களில் இதே வரிசைதான்.

அன்று எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன: பேசாமல் கட்டிவிடுவது, விசாரணையில் கணக்கைக் கேட்பது, சென்னை டிரிப்யூனலுக்குப் போவது, மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் உத்தரவை நேரடியாக எதிர்த்து ரிட் மனு போடுவது. பிறகு ஐந்தாவதாகச் சமாதானத் திட்டம் ஒன்றும் வந்தது. எண்களைப் புரிவதற்கு வசதியாக முழு எண்ணாக்கித் தருகிறேன். 2025 நவம்பர் 21-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. நான் பேசுவது அதற்கு முந்தைய, 1952-ம் வருடப் பி.எஃப். சட்டத்தின் கீழ் வந்த தாமதத்தைப் பற்றி.

முதலில் நோட்டீஸில் இருப்பது ஒரே தொகை போலத் தெரிந்தாலும் அது இரண்டு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 7கியூ பிரிவின்படி வருடத்துக்கு 12 சதவீதம் தனி வட்டி ஒன்று. 14பி பிரிவின்படி டேமேஜ் எனப்படும் அபராதம் இன்னொன்று. வட்டியைக் குறைக்கச் சட்டத்தில் இடமே இல்லை. சண்டை எல்லாம் டேமேஜில்தான்.

40 பேர், ஆளுக்கு 15,000 ரூபாய் சம்பளம். மாதம் 6 லட்சம். தொழிலாளி பங்கு 12, நிர்வாகத்தின் பங்கும் இதரக் கட்டணமும் சேர்த்து 13, ஆக 25 சதவீதம். மாதத்துக்கு ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும். எட்டு மாதம் தாமதம் என்றால் வட்டி 12,000 ரூபாய். டேமேஜ் பழைய வீதப்படி வருடத்துக்கு 25 சதவீதம், அதாவது 25,000 ரூபாய். பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்தால் வட்டி 1,44,000, டேமேஜ் 3,00,000. முதலாளி சொன்ன நாலரை லட்சம் இதுதான்.

அந்தப் பழைய வீதம் படிப்படியாக ஏறும். இரண்டு மாதத்துக்குள் 5, நான்கு மாதத்துக்குள் 10, ஆறு மாதத்துக்குள் 15, அதற்கு மேல் 25 சதவீதம். 2024 ஜூன் மத்தியில் இதை மாற்றி, மாதத்துக்கு ஒரு சதவீதம் என்று ஒரே வீதமாக ஆக்கினார்கள். "அபராதம் பாதியாகக் குறைந்துவிட்டது" என்று அப்போது தொழிற்பேட்டை முழுக்கப் பேச்சு. எட்டு மாதத் தாமதத்துக்கு அது சரி: 25,000 இருந்தது 12,000 ஆகிறது. ஆனால் மூன்று மாதத் தாமதத்தைப் போட்டுப் பாருங்கள். பழைய வீதத்தில் 3,750 ரூபாய், புதியதில் 4,500. குறைந்த நாள் தாமதிப்பவர்களுக்குப் புதிய வீதம்தான் கூடுதல். எங்கள் ஊரில் பெரும்பாலான சிறு யூனிட்டுகள் ஒன்றிரண்டு மாதம் பிந்திக் கட்டுபவைதான். அவர்களுக்கு இது ஆறுதல் இல்லை. மாற்றத்துக்கு முந்தைய மாதங்களுக்குப் பழைய வீதம்தான், ஆகவே எங்கள் நோட்டீஸிலும் 25.

சரி, பேசாமல் கட்டிவிடுவது எப்படி? தாமதம் உண்மை, தேதிகள் சரி, தொகை சிறியது என்றால் இதுவே நல்லது. கட்டாமல் இழுத்தால் 8எஃப் பிரிவில் வங்கிக்கே உத்தரவு போய்க் கணக்கு முடங்கும். சம்பள வாரத்தில் கணக்கு முடங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நோட்டீஸோடு வரும் பட்டியலை ஒரு தடவைகூடச் சரிபார்க்காமல் கட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரண்டாவது வழியில்தான் என் மனம் நிற்கிறது. 14பி உத்தரவு போடும் முன் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இந்த ஹியரிங்கை நம் ஆட்கள் சடங்காக நினைக்கிறார்கள். வக்கீலையோ கன்சல்டன்ட்டையோ அனுப்பி "கால அவகாசம் வேண்டும்" என்று இரண்டு வாய்தா வாங்குவதோடு சரி. உண்மையில் காசு குறைகிற இடம் இதுதான். மாதவாரியாகச் சலானையும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வைத்து, ஒவ்வொரு வரியிலும் தாமத நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். சலான் போடும்போது சம்பள மாதத்தை மாற்றிப் பதிந்திருந்தால் தாமதம் கூடிக் காட்டும். எங்கள் ஃபைலில் இரண்டு மாதம் அப்படி நாங்களே தவறாகப் பதிந்திருந்தோம். ஆதாரத்தோடு காட்டியபோது அந்த அளவுக்குத் தொகை குறைந்தது. பழைய நோட்டீஸ் என்றால் கொரோனா ஊரடங்கு மாதங்கள் உள்ளே இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தக் காலத் தாமதத்துக்கு டேமேஜ் போடக் கூடாது என்று 2020 மே 15-ல் வருங்கால வைப்பு நிதி நிறுவனமே அறிவித்தது. இன்னொன்று, எவ்வளவு வருடத் தாமதமாக இருந்தாலும் டேமேஜ் பாக்கித் தொகையைத் தாண்டக் கூடாது. அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஹியரிங்கில் பலரும் தூக்கிக்கொண்டு போவது வேறொரு வாதம்: "வேண்டுமென்று செய்யவில்லை, பணமுடை." வக்கீல்கள் இதை மென்ஸ் ரியா இல்லை என்பார்கள், குற்ற மனம் இல்லை என்று பொருள். 2014-ல் மெக்லியோட் ரஸ்ஸல் வழக்கையும் 2017-ல் ஆர்.எஸ்.எல். டெக்ஸ்டைல்ஸ் வழக்கையும் காட்டி இந்த வாதம் கொஞ்ச காலம் ஓடியது. 2022 பிப்ரவரியில் கூர்க் பகுதியின் கோணிகொப்பல் தோட்டக்கலை நிலையம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்திவிட்டது. தாமதம் நடந்தாலே போதும், மனசில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டியதில்லை என்பது தீர்ப்பு. இன்றைக்கும் இந்த ஒரே வாதத்தை வைத்து வழக்குப் போடச் சொல்கிறவர்களிடம், 2022-க்குப் பிறகு எதை நம்பிப் போடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு ஃபீஸ் பேசுங்கள்.

அப்புறம் டிரிப்யூனல். 14பி உத்தரவை எதிர்த்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். 2017-லிருந்து மத்திய அரசுத் தொழில் தீர்ப்பாயம்தான் இதைக் கேட்கிறது, நமக்கு அது சென்னையில். இதில் பலருக்குத் தெரியாத நல்ல செய்தி ஒன்று உண்டு. 75 சதவீதம் டெபாசிட் கட்ட வேண்டும் என்ற விதி, பாக்கியை நிர்ணயிக்கும் 7ஏ உத்தரவுக்குத்தான். டேமேஜ் உத்தரவுக்கு அது பொருந்தாது. இ.எஸ்.ஐ. பாக்கிக்கு நீதிமன்றம் போனால் 50 சதவீதம் கட்ட வேண்டும், நீதிபதி காரணம் எழுதித் தளர்த்தினால்தான் விலக்கு. அதோடு பார்த்தால் இது லேசு. ஆனாலும் மேல்முறையீடு போட்டதாலேயே வசூல் நிற்காது. ஸ்டே தனியாகக் கேட்க வேண்டும், கேட்டால் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வதுதான் வழக்கம். பாண்டியனில் இரவு ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்கி, வழக்கு தள்ளிப்போனது என்று கேட்டுத் திரும்பும் செலவையும் சேர்த்தால், ஒரு லட்சத்துக்குக் கீழே உள்ள டேமேஜுக்கு இந்த வழி கட்டுப்படியாகாது என்பது என் எண்ணம். பத்து லட்சம், இருபது லட்சம் என்று கணக்கில் பெரிய தகராறு இருந்தால் போகத்தான் வேண்டும்.

உயர் நீதிமன்றக் கிளை பக்கம். மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் ரோட்டில் கொஞ்ச தூரம். 2004 ஜூலையில் அது வந்த பிறகு தென் மாவட்டத்துக்காரர்கள் ரிட்டுக்காகச் சென்னை ஓடுவது நின்றது, அது பெரிய வரம். அதனாலேயே "நம்ம ஊர்லயே ரிட் போட்டுரலாம்ணே" என்று முதலாளியும் ஆசைப்பட்டார். பக்கத்தில் இருப்பது மட்டும் காரணம் ஆகாது. மேல்முறையீட்டு வழி இருக்கும்போது முதலில் அங்கே போ என்றுதான் சொல்வார்கள். நோட்டீஸே தராமல் உத்தரவு போட்டது, அதிகாரம் இல்லாதவர் உத்தரவிட்டது போன்ற நிலையில் ரிட் நிற்கும். வட்டிக்கு மட்டும் தனி உத்தரவு வந்தாலும் ரிட்தான், ஏனென்றால் தனி 7கியூ உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. வட்டியும் டேமேஜும் ஒரே உத்தரவாக வந்தால் டிரிப்யூனலுக்கே போகலாம். 2013-ல் ஆற்காடு டெக்ஸ்டைல் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. ஆகவே உத்தரவு கைக்கு வந்ததும் ஒன்றா இரண்டா என்று பாருங்கள், வழியே மாறுகிறது.

ஒரு நூல் மில்லில் நேரில் பார்த்தது. உத்தரவு பழைய அலுவலக முகவரிக்குப் போய், வாட்ச்மேன் வாங்கி மேஜை டிராயரில் வைத்துவிட்டார். முகவரி மாற்றத்தை மில்லே தெரிவிக்கவில்லை. கண்ணில் பட்டபோது 120 நாளும் தாண்டிவிட்டது. ரிட் போட்டால் சரியாகும் என்று நம்பினார்கள். மேல்முறையீட்டுக் கெடு முழுதும் முடிந்த பிறகு ரிட் வழியாக உள்ளே வர முடியாது என்று 2020-ல் கிளாக்ஸோ வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததை வக்கீல் எடுத்துக் காட்டினார். மேலாளர் முகம் தொங்கிப்போனது இன்னும் நினைவில் இருக்கிறது.

சமாதானத் திட்டத்துக்கு விஸ்வாஸ் என்று பெயர். 2025 அக்டோபரில் வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு ஒப்புதல் கொடுத்தது. இரண்டு மாதம் வரை தாமதத்துக்கு மாதம் 0.25 சதவீதம், நான்கு மாதம் வரை 0.50, அதற்கு மேல் ஒரு சதவீதம். நிலுவை வழக்கு, உத்தரவு போட்டும் கட்டாதது, இன்னும் உத்தரவு வராதது எல்லாம் இதற்குள் வரும், கட்டினால் வழக்கு முடிந்துவிடும். ஆறு மாதத் திட்டம், மேலும் ஆறு மாதம் நீட்டிக்கலாம் என்றார்கள். எங்கள் கணக்குக்கு டேமேஜ் மூன்று லட்சம் 1,44,000 ஆகிறது. வழக்கில் நன்றாக வாதாடியும் இந்த அளவு குறைந்ததை நான் பார்த்ததில்லை. கணக்கில் பிழை இல்லாதவர்களுக்கு வழக்கைவிட இது மேல், காலம் திறந்திருக்கும்போது கை நழுவவிடக் கூடாது.

எந்த வழியில் போனாலும் திரும்பாத ஒரு நஷ்டம் உண்டு. தொழிலாளி பங்கை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டாவிட்டால் அப்போதிருந்த 1961-ம் வருட வருமான வரிச் சட்டத்தில் அது செலவாகக் கழியவில்லை, 2022 அக்டோபரில் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. எங்களுக்கு மாதம் 72,000, வருடத்துக்கு 8,64,000 ரூபாய் லாபத்தில் ஏறியது. 25 சதவீத வரி என்றால் 2,16,000. ஆடிட்டர் இதைச் சொன்னபோதுதான் முதலாளி உட்கார்ந்துவிட்டார். டேமேஜை எதிர்த்து முழுதாக ஜெயித்தாலும் இந்தப் பணம் வராது.

அந்த 72,000 தொழிலாளிகளின் சம்பளத்தில் பிடித்தது. அதைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் இருப்பது நம்பிக்கை மோசடி என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 405-வது பிரிவு தனி விளக்கமே வைத்திருந்தது. பாஸ்புக்கில் எட்டு மாதம் காலியாக இருக்கும்போது பொண்ணு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கேட்டு வந்த ஒரு ஆபரேட்டர் என்னிடம் எதுவும் கேட்காமல் திரும்பிப் போனார். வட்டியை எதிர்த்து ஒரு வரிகூட எழுத வேண்டாம் என்று முதலாளியிடம் நான் கறாராகச் சொன்னதற்கு அவர்தான் காரணம்.

கடைசியில் வட்டி முழுவதையும் ஹியரிங்குக்கு முன்பே கட்டினோம். டேமேஜில் இரண்டு மாதக் கணக்கை மட்டும் எதிர்த்தோம். கூடவே, இது எல்லாவற்றுக்கும் தொடக்கமான அந்தப் பெரிய கம்பெனியிடமும் கணக்குக் கேட்டோம். உத்யம் பதிவு இருக்கும் குறு, சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், 2006-ம் வருடக் குறு, சிறு தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி தர வேண்டும். கேட்டு வாங்க மதுரையிலேயே மண்டல வசதியாக்கக் குழு இருக்கிறது. "கஸ்டமர் கோவிச்சுக்குவாங்கண்ணே" என்று முதலாளி ரொம்ப நாள் தயங்கினார். ஹியரிங் முடிந்த வாரம் இன்வாய்ஸ் நகல்களைக் கேட்டு வாங்கிப் போனார், மனுவில் அவரே கையெழுத்துப் போட்டார்.