ஒட்டுத்தாளா, கைப்பேசியா? மாணவர் குறும்படத்துக்கு ஒரு ஸ்டோரிபோர்டு

சிங்கப்பூரில் ஏப்ரலில் வரும் தமிழ்மொழி விழாவையொட்டி மூன்று நிமிடக் குறும்படம் எடுக்கக் கிளம்பும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஸ்டோரிபோர்டு (படத்தை ஷாட் ஷாட்டாக முன்கூட்டியே வரைந்து பார்ப்பது) என்று சொன்னால், “எனக்கு வரைய வராதே” என்பதுதான் முதல் பதில். வரவேண்டாம். தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு கோடு, பார்க்கும் திசைக்கு ஓர் அம்புக்குறி போதும். அதை எதில் செய்வது என்பதுதான் கேள்வி.

என் வாக்கு மஞ்சள் ஒட்டுத்தாளுக்கு. தாளுக்கு ஒரு ஷாட். பாட்டி அழும் ஷாட்டைப் பிடுங்கி முன்னால் ஒட்டினால் கதை எப்படி மாறுகிறது என்று உடனே தெரிந்துவிடும். 1930களில் டிஸ்னி ஸ்டுடியோவில் படங்களைத் தனித்தனித் தாளில் வரைந்து பலகையில் குத்தியதும் இந்த வசதிக்காகத்தான். பாட்டியும் பேரனும் எதிரெதிரே பேசும் காட்சியில் இருவரின் அம்புகளும் ஒரே பக்கம் பார்த்தால், இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டை, அதாவது 180 டிகிரிக் கோட்டை, கேமரா தாண்டிவிட்டது என்று பொருள். திருத்த ஒரு தாள்தான் செலவு. கட்டம் அச்சிட்ட நோட்டுப் புத்தகம் பார்க்க அழகு. நடுவில் ஒரு ஷாட்டைச் செருகப் பார்த்தால் தெரியும் அதன் அவஸ்தை.

ஆனால் காகிதத்தில் சுவர் கிடையாது. அடுப்படியில் நிற்கும் பாட்டியைத் தலை முதல் கால் வரை வரைந்துவிடலாம். மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் அந்த ஷாட்டுக்காகப் பின்னால் நகர்ந்தால் முதுகு குளிர்பதனப் பெட்டியில் இடிக்கும். புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் வேறு சிக்கல்: வெளியே வெயில் அடிக்க, உள்ளே நிற்பவரின் முகம் கறுத்துப்போகும். இரண்டையும் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் காட்டிக்கொடுத்துவிடும். தேக்கா சந்தை போன்ற இடத்துக்குக் கைப்பேசி இல்லாமல் திட்டமிடுவது வீண் வேலை. அதன் குறை ஒன்றுதான்: நன்றாக வந்த படத்தைக் கழித்துக்கட்ட யாருக்கும் மனம் வராது, கதைக்கு அது தேவைப்படாவிட்டாலும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வரைந்து தருவதை நான் சேர்க்கமாட்டேன். கேட்டதும் பளபளப்பான தேக்கா ஒன்று வரும். அந்தக் கோணத்தில் கேமரா வைக்கப் போனால் அங்கே காய்கறிக் கடை இருக்கும். ஆசிரியரிடம் காட்டி ஒப்புதல் வாங்க மட்டும் உதவும்.

ஆக, கதையை ஒட்டுத்தாளில் முடித்துவிட்டு, சந்தேகமான ஷாட்டுகளை மட்டும் இடத்துக்குப் போய்க் கைப்பேசியில் எடுத்து, அந்தந்தத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பிறகு கதை வரிசையை மறந்து, இட வாரியாக ஒரு ஷாட் பட்டியல் போடுங்கள். கீழ்த்தளக் காட்சிகள் அதில் முன்னால் வரட்டும். சிங்கப்பூரில் எந்த மாதமானாலும் ஏழு மணியையொட்டிப் பொழுது சாய்ந்துவிடும்.