அரிசோனாப் புழுதியில் ஓர் என்95 முகக்கவசம்

அரிசோனாவின் பீனிக்ஸ் நகரப் புறநகர் ஒன்றில் குடியேறிக் கொல்லை மண்ணைக் கொத்தத் தொடங்கியபோதுதான், இம்மண்ணில் வாழும் காக்சிடியாய்டிஸ் என்னும் பூஞ்சையைப் பற்றி அண்டை வீட்டுக்காரர் எச்சரித்தார். மழை ஈரத்தில் நுண்ணிழைகளாக வளரும் இப்பூஞ்சை, மண் காய்ந்ததும் சிறு வித்துகளாக உடைந்து, மண்வெட்டி பட்டாலே புழுதியோடு எழும்பி நுரையீரலுக்குள் சென்றுவிடுகிறது. இங்கே ‘வேலி ஃபீவர்’ (பள்ளத்தாக்குக் காய்ச்சல்) எனப்படும் நோய் இதனால் வருவதே. தொற்றியவர்களில் சுமார் 60 விழுக்காட்டினருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. மற்றவர்களுக்கு 1 முதல் 3 வாரங்களில் இருமலும் காய்ச்சலும், சிலருக்கு மாதக்கணக்கில் நீளும் அயர்ச்சியும் வருகின்றன. தடுப்பூசி இல்லாததால், மடிப்பு வகை என்95 முகக்கவசங்கள் 20 கொண்ட பெட்டி ஒன்றை வாங்கினேன்.

வடிகட்டும் திறனில் குறையில்லை. 0.3 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களிலேயே 95 விழுக்காட்டைத் தடுக்க வேண்டும் என்பது இதன் தர விதி. பூஞ்சை வித்துகளோ அதைப்போல் பத்து மடங்கு பெரியவை. ஆனால், வடிகட்டி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், கன்னத்துக்கும் கவசத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால் காற்று அவ்வழியாகத்தான் நுழையும் என்பதை என் மூக்குக்கண்ணாடிதான் கற்பித்தது: உலோகப் பட்டையை மூக்கின்மேல் இரு கை விரல்களாலும் அழுத்திப் பொருத்தாத நாள்களில் கண்ணாடியில் ஆவி படிந்தது. நான்கு நாள் தாடியோடு அணிந்தபோது என்ன அழுத்தியும் பயனில்லை. இப்போது தோட்ட வேலைக்கு முன் சவரம் செய்துகொள்கிறேன், வீட்டில் இது ஒரு கேலிப்பொருளாகிவிட்டது. காதில் மாட்டும் வகையைவிடத் தலையைச் சுற்றி வரும் இரட்டைப் பட்டை நன்றாக இறுகுகிறது, ஆயினும் மூன்று கவசங்களில் அது முதல் இழுப்பிலேயே அறுந்தது.

விற்பனைப் பக்கத்தில் ‘வேலி ஃபீவரிலிருந்து முழுப் பாதுகாப்பு’ என்றிருந்த வரியை நான் ஏற்கவில்லை. கவசம் அபாயத்தைக் குறைக்கலாம், இல்லாமற்செய்யாது; கொத்துமுன் மண்ணை நன்கு நனைத்துவிடுவது புழுதியையே எழவிடாததால், அதை நான் முதல் காவலாகவும் கவசத்தை இரண்டாவதாகவும் கொள்கிறேன். கோடையில் காலை எட்டு மணிக்கே உட்புறம் வியர்வையில் ஊறி மூச்சு முட்டுவதால், கடும் வேலையை நவம்பருக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. பருவமழைக் காலத்தில் வானளாவ எழும் புழுதிப் புயலுக்கு இதை நம்பி வெளியே நிற்க வேண்டாம். சன்னல்களை அடைத்து உள்ளே இருந்துவிடுங்கள்.